எலியின் நுரையீரலிலிருந்து மனித மூளைக்கு

எலியால் வரும் நோய் எது என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் எலிக்காய்ச்சல் என்பார்கள். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் செருப்பில்லாமல் நடக்காதே என்று வீட்டில் சொல்வதும் அதற்காகத்தான். கொஞ்சம் வயதானவர்களாக இருந்தால் 1994இல் சூரத்தில் பரவிய பிளேக்கைச் சொல்வார்கள். இரண்டும் பாக்டீரியாவால் வருபவை. எலியின் உடம்பில் புழுக்களும் குடியிருக்கின்றன, அவற்றில் சில மனிதனுக்குள்ளும் நுழையக்கூடியவை என்பது மட்டும் ஏனோ யார் பேச்சிலும் வருவதில்லை. படித்தவர்கள் பேச்சிலும்கூட.

கேரள எல்லையை ஒட்டிய ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். ரத்தம், சிறுநீர், மலம், சளி, முதுகுத்தண்டிலிருந்து எடுக்கும் நீர் எல்லாம் எங்கள் மேசைக்குத்தான் வரும். நான் எழுத நினைப்பது ஒரே ஒரு புழுவைப் பற்றி. எலி நுரையீரல் புழு என்று சொல்லலாம். அறிவியல் பெயர் ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் கான்டோனென்சிஸ்.

சீனாவின் கான்டன் நகரத்து எலிகளில் இதைக் கண்டு 1935இல் எழுதியவர் சென் ஸின்தாவ் என்ற ஆய்வாளர். கான்டன் என்ற பெயர் புழுவோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான். அன்றைக்கு அது எலியின் நோய், அவ்வளவுதான். பத்து வருஷம் கழித்து, 1945இல், தைவானில் ஒரு பதினைந்து வயதுப் பையனின் தண்டுவட நீரில் புழு இருந்ததை நொமுரா, லின் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். போர் நடந்த வருஷம். கட்டுரை ஜப்பானிய மொழியில் வந்தது. வெளியுலகம் அதைக் கவனித்தது 1964இல்தான். இடைப்பட்ட காலத்தில் பசிபிக் தீவுகளில் இனம் தெரியாத மூளைக்காய்ச்சல் அங்கங்கே வந்துகொண்டிருந்தது, காரணம் மட்டும் பிடிபடவில்லை. ஹவாயில் இறந்துபோன ஒரு நோயாளியின் மூளையில் லியோன் ரோசனும் அவருடைய குழுவினரும் இந்தப் புழுவைக் கண்டெடுத்து 1962இல் எழுதிய பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. தைவான் கட்டுரை அப்போதே எல்லோர் கைக்கும் போயிருந்தால் எத்தனை பேருக்குச் சரியான காரணம் தெரிந்திருக்கும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

முதிர்ந்த புழுக்கள் இருப்பது எலியின் நுரையீரலுக்குப் போகும் தமனிகளில். பெண் புழு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம், நூல் மொத்தம். ரத்தம் நிறைந்த குடல் சிவப்பாகவும் கருப்பை வெள்ளையாகவும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு உடம்பு நெடுக ஓடுவதால், சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கிய மாதிரி தெரியும். படத்தில் ஒரு தடவை பார்த்தால் மறக்காது. முட்டைகள் ரத்தத்தோடு போய் நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் தங்கிப் பொரிக்கும். குஞ்சுப் புழு மூச்சுக்குழாய் வழியாக மேலே ஏறித் தொண்டைக்கு வரும். எலி அதை விழுங்கிவிடும். பிறகு புழுக்கையோடு வெளியே வரும்.

அங்கிருந்து நேராக இன்னொரு எலிக்குப் போக அதனால் முடியாது. நடுவில் ஒரு நத்தை வேண்டும். ஓடுள்ள நத்தையோ, ஓடில்லாத நத்தையோ, எதுவானாலும் சரி. நத்தை எலிப் புழுக்கையைத் தின்கிறது, இல்லையென்றால் குஞ்சுப் புழு நத்தையின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. இரண்டு, மூன்று வாரத்தில் இரண்டு தடவை தோலுரித்து, அடுத்த உடம்புக்குத் தயாராகிவிடும். அந்த நத்தையை எலி தின்னும்போது புழு எலியின் குடலைத் துளைத்து ரத்தத்தில் இறங்கும். அப்புறம் அது போகும் இடம்தான் வியப்பு. நேராக நுரையீரலுக்குப் போகாது, மூளைக்குப் போகும். மூளையில் வளர்ந்து, மறுபடி இரண்டு தடவை தோலுரித்து, மூளையின் மேலுறைக்கு வந்து, அங்கிருந்து சிரை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குப் போய், கடைசியில்தான் நுரையீரல் தமனி. ஆரம்பத்திலிருந்து கணக்குப் போட்டால் ஆறு வாரத்துக்கு மேல் ஆகும். இந்த மூளைப் பயணத்தை 1955இல் எழுதியவர்கள் பிரிஸ்பேனில் வேலை பார்த்த ஜோசஃபின் மெக்கராஸ், டொரோதியா சாண்டர்ஸ் என்ற இரண்டு பெண்கள். அவர்கள் கையாண்டது இதற்கு மிக நெருங்கிய ஓர் ஆஸ்திரேலியப் புழு என்று பின்னால் தெரிந்தது. அந்தப் புழுவுக்கு மெக்கராஸின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

எலிக்கு இதனால் பெரிய கஷ்டம் இல்லை, புழு அளவுக்கு மீறிச் சேராதவரை. மனிதனுக்குள் போனால் கதை வேறு. புழு வழக்கம்போல மூளைக்கு வந்துவிடும், அதற்கு மேல் பெரும்பாலும் போகாது. அங்கேயே செத்துப்போகும். சாகும் புழுவைச் சுற்றி நம் உடம்பு பெரிய சண்டை போடும். அந்தச் சண்டைதான் நோய்.

தொற்றி ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும். சாதாரணத் தலைவலி இல்லை. மாத்திரைக்கு அடங்காது, தலையை அசைக்க விடாது, வாந்தி வரும். காய்ச்சல் பலருக்கு இருக்காது, இருந்தாலும் லேசாகத்தான். சிலருக்குத் தோலில் ஓரிடத்தில் துணி பட்டாலே எரியும், ஊசி குத்தும். கண் நரம்போ முக நரம்போ பாதிக்கப்பட்டு ஒரு பொருள் இரண்டாகத் தெரியலாம், முகம் ஒரு பக்கம் கோணலாம். பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். புழு அதிகமாகப் போனவர்கள் எல்லோரும் தேறுவதில்லை.

இனி எங்கள் மேசைக்கு வந்த ஒருவரைப் பற்றி. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பதை நெருங்கிய கட்டட வேலைக்காரர். பத்து நாளுக்கு மேலாகத் தலைவலி. இரண்டு இடத்தில் காட்டிவிட்டு வந்திருந்தார். ஸ்கேன் எடுத்திருந்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. எங்கள் மருத்துவமனையில் முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்றதும் வீட்டார் பயந்துவிட்டார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம் நம் பக்கம் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது. டாக்டர் பொறுமையாகப் பேசி ஒத்துக்கொள்ள வைத்தார். நீர் எடுத்த அன்று மாலையே தலைபாரம் பாதி இறங்கிவிட்டதாக அவர் சொன்னாராம். இந்த நோயில் அப்படி நடப்பதுண்டு. உள்ளே ஏறியிருந்த அழுத்தம் குறைவதால் வரும் நிம்மதி அது.

தண்டுவட நீர் வந்ததும் முதலில் அதை நியூபார் சேம்பர் என்ற கோடு போட்ட கண்ணாடியில் விட்டு செல்களை எண்ணுவோம். அவருடையதில் செல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. இங்கேதான் ஒரு ஆபத்து இருக்கிறது. சாயம் போடாமல் அந்தக் கண்ணாடியில் பார்த்தால் எந்த வெள்ளை அணு எது என்று பிரிப்பது கஷ்டம். 'லிம்போசைட் அதிகம்' என்று எழுதி அனுப்பிவிட்டால் டாக்டரின் யோசனை காசநோய் மூளைக்காய்ச்சல் பக்கம் போகும். நம் நாட்டில் அது நியாயமான யோசனையும்கூட. மாதக்கணக்கில் காசநோய் மருந்து. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்தவர் ஒரு பழக்கத்தைக் கண்டிப்பாகப் பிடிக்க வைத்தார்: தண்டுவட நீர் எதுவானாலும் சுழற்றி, அடியில் தங்குவதை ஸ்லைடில் தடவி, லீஷ்மன் சாயம் போட்டே தீர வேண்டும்.

அன்றும் அப்படித்தான் செய்தேன். ஸ்லைடைக் காற்றில் உலரவிட்டு, சாயத்தை ஊற்றி இரண்டு நிமிடம், அதன்மேல் பஃபர் நீர், இன்னும் பத்து நிமிடம், கழுவி உலர்த்தி எண்ணெய் லென்ஸில் வைத்தேன். முதல் பார்வையிலேயே நிறம் தெரிந்துவிட்டது. இரண்டு மடலாகப் பிரிந்த ஊதா நிற உட்கரு, அதைச் சுற்றிலும் ஒரே அளவிலான ஆரஞ்சுச் சிவப்பு மணிகள். ஈசினோபில் என்ற வெள்ளை அணு. ஒரு வட்டத்தில் நாலு, அடுத்த வட்டத்தில் ஆறு. நூறு செல் எண்ணினால் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அவைதான். நல்ல நிலையில் இருக்கும் தண்டுவட நீரில் ஈசினோபில் இருக்கவே கூடாது. நூற்றுக்குப் பத்து இருந்தாலே அது ஈசினோபிலிக் மூளைக்காய்ச்சல் என்பது வரையறை. ரத்தத்தில் இது கூடினால் 'ஈஸ்னோபீலியா' என்று சொல்லி இருமலுக்கு மருந்து சாப்பிட்டவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பார்கள். அதே அணுதான். புழுவைக் கண்டால் ஓடிவருவது அதன் வேலை.

டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அக்கா, நல்லாப் பாத்தீங்களா? சாயத்துல ஏதும் கோளாறு இருக்காதே?" என்றார். "நீங்களே வந்து பாருங்க டாக்டர், ஸ்லைடு லென்ஸ்லதான் இருக்கு" என்றேன். வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்படியே வார்டுக்குப் போய் நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: போன ஒரு மாசத்துல வேகவைக்காம எதையாவது சாப்பிட்டீங்களா?

அவர் வாய் திறக்கவில்லை. மனைவிதான் சொன்னாராம். "இடுப்பு வலிக்குன்னு ஒருத்தர் உடும்பு புடிச்சுத் தந்தாரு டாக்டர். ஈரலைப் பச்சையா முழுங்கினாத்தான் பலன்னு சொன்னாரு. இவரும் முழுங்கிட்டாரு. வெளிய சொன்னா கேஸாகிடும்னு பயம்."

எலியிடமிருந்து உடும்புக்குப் புழு எப்படிப் போனது? உடும்பு நத்தையைத் தின்னும். நத்தைக்குள் தயாராக இருக்கும் புழு உடும்புக்குள் வளராது, சாகவும் சாகாது. சதையிலும் ஈரலிலும் சும்மா காத்துக்கிடக்கும், எலி வந்து தின்னட்டும் என்று. நடுவில் மனிதன் தின்றுவிட்டால் மனிதனுக்குள் போகும். நன்னீர் இறால், நிலத்து நண்டு, தவளை எல்லாமே இப்படிப் புழுவைத் தாங்கிக்கொண்டு இருக்கக்கூடியவை. தாய்லாந்தில் ஐந்து மாகாணங்களின் உடும்புகளை ஆராய்ந்து, அவற்றின் உடம்பில் தொற்றும் நிலையில் இந்தப் புழு இருப்பதை 1990களிலேயே எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் இருக்கும் அதே வங்காள உடும்பு. கேரளத்தில் இந்த மூளைக்காய்ச்சல் வந்தவர்களைப் பற்றி 2006இல் மருத்துவ இதழ்களில் வந்த கட்டுரைகளிலும் பச்சை உடும்புக்கறி வருகிறது.

உடும்பு பற்றி நம் மக்களிடம் இருக்கும் நம்பிக்கை ஆழமானது. அது சுவரைப் பிடித்தால் விடாது, அந்தப் பலம் தின்பவன் இடுப்புக்கு வரும் என்பார்கள். ரத்தத்தைச் சூடாகக் குடிக்க வேண்டும், நாக்கை அப்படியே விழுங்க வேண்டும், வேகவைத்தால் சத்து போய்விடும் என்பார்கள். இந்தக் கடைசி வாக்கியம்தான் ஆளைக் கொல்வது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது, பிடித்தாலே சிறை. அதனால் எல்லாம் ரகசியமாக நடக்கிறது, நோய் வந்தாலும் சொல்ல மாட்டார்கள். சட்டம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கட்டிலில் தலையைப் பிடித்துக்கொண்டு கிடப்பவரிடம் டாக்டர் கேட்கும் கேள்வி போலீஸ் கேள்வி மாதிரி இருந்தால் பதில் வராது. அந்த இளம் டாக்டர் கேட்ட விதம் நன்றாக இருந்தது. உடும்பு சாப்பிட்டாயா என்று அவர் கேட்கவில்லை.

அவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். தாய்லாந்தில் 2000இல் வெளியான ஒரு ஆய்வில் இரண்டு வாரம் பிரெட்னிசோலோன் கொடுத்தபோது, மருந்தில்லாதவர்களுக்கு 13 நாள்போல் நீடித்த தலைவலி 5 நாளில் அடங்கியது. புழுவைக் கொல்லும் அல்பெண்டசோல் கொடுக்கலாமா என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை, புழு மொத்தமாகச் செத்தால் வீக்கம் கூடுமே என்ற கவலை. எங்களவர் தேறி நடந்து வீட்டுக்குப் போனார். இடுப்பு வலி அப்படியேதான் இருந்தது.

2008இல் வந்த ஒரு கணக்குப்படி உலகம் முழுக்க அதுவரை பதிவானவர்கள் 2,800 பேருக்கு மேல். அதில் ஏறத்தாழ பாதி தாய்லாந்து. அங்கே வடகிழக்கில் பச்சை நத்தையை நறுக்கிக் காரம் சேர்த்துச் சாராயத்தோடு சாப்பிடும் பழக்கம் இருக்கிறது. பதிவாகாதவர்கள் எத்தனை மடங்கோ. சாயம் போட்டுப் பார்க்காத ஒவ்வொரு ஆய்வகமும் அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை என்பது என் கருத்து.

இந்தியாவுக்கு இது புதிதும் இல்லை. 1980களிலேயே மும்பைப் பகுதியின் பெருச்சாளிகளில் இந்தப் புழுவை ஆய்வாளர்கள் பார்த்துவிட்டார்கள். பெருச்சாளி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நம் கண் முன்னால் பெருகியிருப்பது நத்தை.

ஆப்பிரிக்க ராட்சத நத்தையைப் பார்க்காதவர்கள் இன்று கேரளத்தில் குறைவு. எங்கள் பக்கமும் மழை பெய்த ராத்திரி டார்ச் அடித்தால் பப்பாளி மரத்தடியில், காம்பவுண்டுச் சுவரில், குப்பைக்குழியில் உள்ளங்கை நீளத்துக்கு ஊர்ந்துகொண்டிருக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவின் உயிர் அது. 1847இல் வில்லியம் பென்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, நத்தைகளை ஆராய்வதில் ஆர்வமுள்ளவர், மொரீஷியஸிலிருந்து உயிரோடு கொண்டுவந்தார். அவை கல்கத்தா சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. இந்தியாவின் இந்த நத்தைக்கூட்டத்துக்கு ஆரம்பம் அதுதான் என்கிறார்கள். கேரளத்துக்கு 1955இல் பாலக்காடு எலப்புள்ளிக்கு ஒரு ஆராய்ச்சி மாணவர் கொண்டுவந்ததாகப் பதிவு இருக்கிறது. இரண்டு பேருக்குமே கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் எலி எங்கும் இருக்கும் ஒரு நாட்டில், எலிப்புழுக்கை தின்னும், வேகமாகப் பெருகும், எதையும் தின்று பிழைக்கும் ஒரு நத்தையைக் கொண்டுவிட்டால் புழுவுக்கு அதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

தென் அமெரிக்காவின் ஆப்பிள் நத்தையும் இப்படித்தான். உணவுக்கு வளர்க்கலாம் என்று 1980களில் தைவானுக்கும் சீனாவுக்கும் கொண்டுபோனார்கள். 2006இல் பெய்ஜிங்கில் ஒரு உணவகத்தில் சரியாக வேகாத அந்த நத்தையைச் சாப்பிட்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் படுத்தார்கள்.

எலிக்குப் பரிகாரம் தேடப் போய் இன்னொரு புழுவை வீட்டுக்குக் கொண்டுவந்த கதையும் ஒன்று உண்டு. ஜப்பானின் வடக்கே ரெபுன் என்று ஒரு சிறிய தீவு. அங்கே காட்டு எலிகளின் தொல்லை தாங்காமல், 1924க்கும் 1926க்கும் இடையில் குரில் தீவுகளிலிருந்து நரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். எலியும் ஒழியும், ரோமமும் கிடைக்கும் என்று கணக்கு. நரிகளின் குடலில் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு கூடவே வந்தது. நரியின் எச்சத்தில் முட்டை, அதைத் தின்னும் எலியின் ஈரலில் கட்டி, அந்த எலியைத் தின்னும் நரியில் மறுபடி புழு. முட்டை பட்ட தண்ணீர், காய்கறி வழியாக மனிதனுக்குப் போனால் ஈரலில் புற்றுநோய் மாதிரி பரவும் கட்டி. வெளியே தெரிய வருஷக்கணக்காகும். நரி வந்து பத்து வருஷம் கழித்துத்தான் முதல் நோயாளி தெரிந்தார். அந்தச் சின்னத் தீவில் நூற்றுக்கும் அதிகமானவர்களுக்கு வந்தது. கடைசியில் தீவிலிருந்த நரிகளையும் நாய்களையும் கொன்றுதான் முடித்தார்கள்.

மறுபடி நம் ஊருக்கு வருகிறேன். இதையெல்லாம் கேட்கும் ஒருவர் உடனே நினைப்பது, எலிக்கறி தின்கிறவர்களுக்கும் நத்தைக்கறி தின்கிறவர்களுக்கும்தானே இது வரும் என்று. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படிப்பட்ட செய்திகள் கடைசியில் ஏழைகள் தட்டின் மேல்தான் போய் விழும். இருளர்கள் வயலில் வளை தோண்டி எலி பிடித்துச் சுட்டோ குழம்பு வைத்தோ சாப்பிடுகிறார்கள். நெல்லைக் காப்பாற்றுகிற வேலை அது. எலியின் நுரையீரலில் இருக்கும் முதிர்ந்த புழுவை மனிதன் தின்றாலும் இந்த மூளைநோய் வராது, நத்தைக்குள் வளர்ந்த பருவம்தான் தொற்றும். அதிலும் நெருப்பில் வெந்த எதிலும் புழு பிழைக்காது. டெல்டாப் பக்கம் மூலத்துக்கு நல்லது என்று வயல் நத்தையை ஓட்டோடு கொதிக்கவைத்து, சதையை எடுத்துக் கழுவி, மறுபடி மசாலாவில் வேகவைக்கிறார்கள். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் தளதளவென்று கொதித்தாலே போதும், புழு செத்துவிடும். நம் நத்தைக் குழம்பு அதைவிட எவ்வளவோ அதிக நேரம் அடுப்பில் இருக்கிறது. அந்தச் சமையலில் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

கவலை வேறு இடத்தில். 2000இல் அமெரிக்காவிலிருந்து ஜமைக்காவுக்குப் போன 23 இளைஞர்களில் 12 பேருக்கு இந்த நோய் வந்தது. அவர்கள் நத்தை தின்னவில்லை. சாலட் சாப்பிட்டார்கள். பச்சை இலையோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டி நத்தை நறுக்கப்பட்டிருந்தால் போதும். 2001இல் தைவானின் தெற்கே சிலருக்கு வந்தது, அவர்கள் உடம்புக்கு நல்லது என்று குடித்த பச்சைக் காய்கறிச் சாற்றால். 2010இல் சிட்னியில் நண்பர்கள் உசுப்பிவிட ஓடில்லா நத்தை ஒன்றை விழுங்கிய இளைஞர் ஒரு வருஷத்துக்கு மேல் சுயநினைவின்றிக் கிடந்து, உடல் செயலிழந்து, 2018இல் இறந்துபோனார்.

நம் அம்மாக்கள் கீரையைப் பச்சையாகத் தந்ததே இல்லை. ஆய்ந்து, அலசி, வேகவைத்துக் கடைந்துதான் தருவார்கள். இப்போது பூங்கா வாசலில் காலையில் அருகம்புல் சாறு, முருங்கை இலைச் சாறு, வாழைத்தண்டுச் சாறு விற்கிறார்கள். வீட்டில் மிக்ஸியில் பச்சைக்கீரையை அடித்துக் குடிக்கச் சொல்லி யூடியூபில் ஆயிரம் பேர். அருகம்புல் தரையோடு வளர்வது, ஈரத்தில் நிற்பது, நத்தைக்குப் பிடித்த இடம். அதைக் கட்டாகப் பிடித்து ஒரே முக்காக வாளித் தண்ணீரில் முக்கி அரைத்தால் நடுவில் இருப்பது எப்படிப் போகும்? குடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. நான் என் வீட்டில் குடிக்கவிடுவதில்லை. குடித்தே ஆகவேண்டும் என்கிறவர்கள் ஒவ்வொரு இலையாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் இரண்டு பக்கமும் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். உப்பு, மஞ்சள், வினிகர் தண்ணீரில் ஊறவைத்தால் புழு செத்துவிடும் என்று நம்பாதீர்கள். கொத்தமல்லி, புதினாச் சட்னிக்கும் இதே கழுவல்தான். நத்தை விழுந்து செத்த தண்ணீரிலும் புழு வெளியேறி உயிரோடு இருக்கும், ஆகவே மொட்டைமாடித் தொட்டிக்கும் மழைநீர்த் தொட்டிக்கும் மூடி அவசியம்.

நத்தையைக் கையால் தொட்டாலே வந்துவிடுமா என்று கேட்கிறார்கள். கையில் படும் வழவழப்பில் புழு இருப்பது அபூர்வம், தொட்டுவிட்டு வாயில் கை வைப்பதுதான் சிக்கல். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதில் அலட்சியம் கூடாது, எதைப் பார்த்தாலும் வாயில் போடும் வயது அது. தோட்டத்தில் ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் கழிவும் போட்டு வைத்தால் ராத்திரியில் நத்தைகள் அங்கே கூடிவிடும். கையுறை போட்டுப் பொறுக்கி, கெட்டியான உப்புத் தண்ணீரில் போட்டுக் கொன்று குழியில் புதைக்கலாம். கேரளத்தில் புகையிலைக் கஷாயத்தோடு மயில்துத்தம் கலந்து தெளிக்கிறார்கள். அது நன்றாக வேலை செய்கிறது, ஆனால் குடிதண்ணீர்க் கிணற்றுப் பக்கம் வேண்டாம். நத்தையை மிதித்து நசுக்கிவிட்டு அப்படியே விடுவது மோசம், எலி வந்து தின்று வட்டத்தை முடித்துவைக்கும்.

பள்ளியில் வருஷத்துக்கு இரண்டு தடவை தரும் பூச்சி மாத்திரை இதைத் தடுக்குமா என்றும் கேட்பார்கள். தடுக்காது. அது குடலில் இருக்கும் கொக்கிப்புழு, உருண்டைப்புழு வகைகளுக்கு. குழந்தைகள் அதைக் கட்டாயம் சாப்பிட வேண்டும், ஆனால் வேலை வேறு.

எலியால் வரும் வேறு புழுக்களும் ஆய்வகத்தில் கண்ணில் படும். எலியின் நாடாப்புழு ஒன்று, ஹைமனோலெபிஸ் டிமினூட்டா, மாவில் இருக்கும் செவ்வண்டை மாவோடு சேர்த்து விழுங்கினால் வரும். பெரும்பாலும் குழந்தைகளிடம்தான் பார்ப்போம், முட்டை மஞ்சள் கலந்த பழுப்பாக, உருண்டையாக, உள்ளே ஆறு கொக்கிகளோடு தெளிவாகத் தெரியும். ஒரு மருந்தில் போய்விடும். மாவு டப்பாவைச் சலித்து வெயிலில் வைக்கச் சொல்லி அனுப்புவார்கள்.

இந்த நுரையீரல் புழுவுக்கு அப்படி எளிய வழி இல்லை. தண்டுவட நீரில் புழுவே கிடைப்பது அபூர்வம், உறுதிசெய்யும் பரிசோதனை எல்லா ஊரிலும் கிடையாது. கையில் இருப்பவை மூன்று: நோயாளி சொல்வது, ஸ்லைடில் தெரியும் ஆரஞ்சு மணிகள், பின் தொடர்ந்து பார்க்கும் பொறுமை. எங்கள் ஆய்வகத்தில் தண்டுவட நீருக்கான சீட்டில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: 'கடந்த ஒரு மாதத்தில் வேகவைக்காத இறைச்சி, நத்தை, இறால், இலைச்சாறு?' டாக்டர்கள் பாதிப் பேர் அதை நிரப்பாமல் அனுப்புகிறார்கள். நான் திருப்பி அனுப்புவதில்லை, மாதிரி கெட்டுவிடும். சாயத்தை ஊற்றி வைத்துவிட்டு, அந்தப் பத்து நிமிடத்தில் வார்டுக்குப் போன் பண்ணி நானே கேட்டு எழுதிக்கொள்கிறேன்.